கொழுந்து எடுத்த கையும் கூடாரத்து வெள்ளரியும்

முதல் போகத்தில் பொலித்தீன் கூடாரத்துக்குள் வெள்ளரிக் கொடி நன்றாக ஏறியது. இலை என் கையை விரித்து வைத்தாலும் மறைக்க முடியாத அகலம். பூவுக்கும் குறைவில்லை. காய்தான் இல்லை. சுண்டுவிரல் அளவுக்குப் பிஞ்சு வரும், நாலாம் நாள் நுனியிலிருந்து மஞ்சளாகும், பிறகு தொட்டால் உதிரும். ஒரு நாள் காலையில் கீழே கிடந்ததைப் பொறுக்கி எண்ணினேன்: 117 பிஞ்சு.

உரம் காணாதென்று உரத்தைக் கூட்டினேன். தண்ணீர் கூடிப்போனதோ என்று தண்ணீரைக் குறைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மருந்தும் அடித்தேன். கடைசியில் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மிஸ் வந்தார். ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தார், சுற்றிலும் கட்டியிருந்த பூச்சிவலையைப் பார்த்தார், பாதித் தமிழில் கேட்டார்: "தேனீ எந்த வழியால உள்ள வாறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. விதைப் பைக்கற்றில் 'ஹைபிரிட்', அதாவது கலப்பின விதை, என்று போட்டிருந்தது, அதுவே போதும் என்று வாங்கிவிட்டேன். ஹைபிரிட்டிலும் இரண்டு சாதி இருக்கிறது. திறந்த காணியில் போடுகிற ஹைபிரிட்டில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வந்து மகரந்தத்தை மாற்றினால்தான் காய் பிடிக்கும். கூடாரத்துக்கென்று இருக்கிற ரகத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண் பூ. மகரந்தம் சேராமலே காய்க்கும், உள்ளே விதையும் இராது. நான் முதல் சாதியை வாங்கி வந்து, ஒரு ஈ கூட நுழையாத வலைக்குள் நட்டுவைத்திருந்தேன்.

அந்தப் போகத்தைக் காப்பாற்ற நானே தேனீ ஆனேன். காலை 9 மணிக்கு முன்னால் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கிற மகரந்தத்தைப் பெண் பூவில் தடவ வேண்டும். பின்னால் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. 210 கொடிக்கு இந்த வேலையைச் செய்து முடிக்க இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். மொத்தம் 190 கிலோ எடுத்தேன். கூடார ரகத்தில் கொடிக்கு 4 கிலோ பார்த்த பிறகுதான் அந்த 190 எவ்வளவு சொற்பம் என்று தெரிந்தது. விதை வாங்கும்போது 'கூடாரத்துக்கான விதையில்லா ரகமா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தாலும் தொல்லைதான். விதையில்லா ரகத்தைத் திறந்த காணியில் நட்டால், தேனீ வந்து மகரந்தம் சேர்த்துவிட்டுப் போகும், காய் ஒரு பக்கம் வயிறு வைத்துக் கோணிப்போகும்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் 14 வருடம் கடையில் நின்றேன். 2020இல் கொரோனா வந்து கடை மூடியதும் ஊருக்கு வந்தேன். இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் இடையில், ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்தேன். அதில் 50 அடிக்கு 20 அடி கூடாரம். டர்பன்டைன் மரத்தூண், வெயிலுக்குத் தாங்குகிற 200 மைக்ரோன் யூ.வி. பொலித்தீன், நாலு பக்கமும் வலை. இதற்குப் போட்டது அம்மாவின் சேமலாப நிதிக் காசு. 38 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம். 117 பிஞ்சு உதிர்ந்த அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பக்கத்தில் எல்லோரும் பெல் பெப்பர் போடுகிறார்கள், நீ ஏன் வெள்ளரி என்று கேட்பார்கள். பெல் பெப்பர் காசு பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வெள்ளரி நாற்று நட்டு 40, 45 நாளில் முதல் காய் வந்துவிடும். கடன்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் இடத்தைப் பார்க்க வேண்டும். நுவரெலியாவில் இருக்கிற என் மச்சான் என்னைப் பார்த்து மார்கழியில் நட்டார். அங்கே உயரம் 1,868 மீற்றர். மார்கழி, தை இரவுகளில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும், சில விடியற்காலையில் புல்லில் பனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். கொடி சாகவில்லை, நட்டபடியே நின்றது. வெள்ளரி வெயில் தேசத்துப் பயிர். பகலில் 25 பாகை, இரவில் 16, 17 கிடைத்தால் துள்ளும், 12க்குக் கீழே போனால் வளர்வதை மறந்துவிடும். அந்த உயரத்தில் இருப்பவர்கள் அந்த இரண்டு மாதத்தையும் கோவா, லீக்ஸ் மாதிரிக் குளிர் மரக்கறிகளுக்கு விட்டுவிடுவது நல்லது.

குளிரின் கதை நாற்றிலேயே தொடங்கிவிடுகிறது. 25 பாகைக்கு மேல் சூடு இருந்தால் மூன்றாம் நாள் முளைக்கிற விதை, எங்கள் பக்கத்துக் குளிரில் எட்டு நாளானாலும் மண்ணுக்குள்ளேயே கிடந்து அழுகும். இந்த விதையைக் கிலோக் கணக்கில் விற்க மாட்டார்கள், எண்ணித்தான் விற்பார்கள். அழுகுகிற ஒவ்வொன்றும் காசு. அதனால் நாற்றுத் தட்டை அடுப்படியில் வைத்தேன். விறகடுப்பு எரிகிற வீட்டில் இரவிலும் அங்கே சூடு நிற்கும். யோசனை நல்லதுதான், எலி மட்டும் கணக்கில் இல்லை. ஒரே இரவில் 60 குழியைத் தோண்டி, விதையின் பருப்பைத் தின்றுவிட்டு, கோதை வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு தட்டைக் கூரையிலிருந்து கம்பியில் தொங்க விடுகிறோம். முளை தலைகாட்டியதும் அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டு போய்விட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். அப்படி நீண்ட நாற்றை நட்டு அது தேறியதை நான் பார்த்ததில்லை. இரண்டு மூன்று நல்ல இலை வந்ததும் பைக்கு மாற்றுகிறேன்.

பைக்குள் மண் போடுவதில்லை. எங்கள் பக்கத்து மண் தலைமுறை தலைமுறையாக உருளைக்கிழங்கும் தக்காளியும் பார்த்த மண். வாடல் நோயும் வேர்ப்புழுவும் அதோடு சேர்ந்தே வரும். தும்புச்சோறுதான், தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சுகிற தூள். அதைக் கழுவாமல் போட்டுவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும், இலை ஓரம் கருகும். பீலித் தண்ணீரில், அதாவது மலை ஊற்றுத் தண்ணீரில், ஊறவைத்துப் பிழிவேன். முதல் தண்ணீர் நல்ல சாயம் மாதிரிக் கடும் சிவப்பாக வரும். அது வெளிறின பிளேன்டி நிறத்துக்கு வருகிற வரைக்கும், மூன்று நாலு தடவை கழுவ வேண்டும்.

உரத்துக்கு அல்பேட் கரைசல், தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற கலவை உரம். நாற்றுப் பருவத்தில் லீற்றருக்கு 1 கிராம், காய்ப்புக்கு வந்ததும் 2 கிராம் வரை. கரைசலின் பி.எச்., அதாவது புளிப்பு அளவு, 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்க வேண்டும். கரைசலில் உரம் எவ்வளவு என்று காட்டுகிற ஈ.சி. மீற்றர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாக்கால் ருசி பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள், நானே அப்படிச் சொன்ன ஆள்தான். வெயில் நாளில் முற்றிய கொடி ஒன்று 2 லீற்றருக்கு மேல் குடிக்கும், மூடுபனி நாளில் அதில் கால்வாசி கூடத் தேவைப்படாது. மொத்தமாக ஊற்றாமல் நாலைந்து தடவையாகக் கொடுக்கிறேன். ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்காவது பையின் அடியால் வடிய வேண்டும், இல்லாவிட்டால் உப்பு தேங்கும். மத்தியானத்தில் ஒரே ஒரு கொடி மட்டும் வாடி நின்றால் நோய் என்று பதறாதீர்கள். முதலில் அதன் சொட்டுக்குழாயைப் பாருங்கள், பத்தில் எட்டு தடவை அது அடைத்திருக்கும்.

2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தளர்த்தினார்கள் என்றாலும் கடைக்குச் சாமான் உடனே வரவில்லை, வந்த விலையும் வாங்குகிற விலையாக இல்லை. சாணமும் மீன் கழிவும் ஊறவைத்த கரைசலைத் துணியில் வடித்துச் சொட்டுக்குழாயில் விட்டேன். மூன்றாம் நாள் குழாய் முழுவதும் அடைத்தது. மண்ணாக இருந்தால் அந்தக் கரைசலை மண்ணிலிருக்கிற உயிர்கள் பக்குவப்படுத்திக் கொடுக்கும். கழுவின தும்புச்சோற்றில் அதற்கு ஆள் இல்லை. அடியிலை மஞ்சளானது, பிஞ்சு நின்றுவிட்டது. அந்தப் போகத்தை நடுவிலேயே பிடுங்கினேன். இயற்கை விவசாயத்துக்கு நான் எதிரி இல்லை. பையில் வளர்க்கிற ஹைபிரிட்டுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். அடுத்த வருடம் மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு வந்தபோது பம்பு வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். என் தண்ணீர்த் தாங்கி பீலிக்குக் கீழே, கூடாரத்துக்கு மேலே மேட்டில் இருந்தது. தண்ணீர் தன்பாட்டில் இறங்கி வந்தது. கெட்டித்தனம் ஒன்றும் இல்லை, பம்பு வாங்கக் காசு இல்லாததால் அப்படி வைத்தது.

இனி, எனக்கு அதிகம் செலவு வைத்த பாடம். மலைநாட்டில் கூடாரம் கட்டுபவர்கள் எல்லோரும் மழைக்கும் குளிருக்கும் பயந்துதான் கட்டுகிறோம். அதனால் மூடுவதிலேயே கவனமாக இருக்கிறோம். நானும் பின்னேரம் 4 மணிக்குப் பக்கத்துத் திரைகளை எல்லாம் இறக்கி, மேல் இடைவெளியையும் சாக்கால் அடைத்து, சூடு பிடித்து வைத்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு போனேன். வெளியே மழை இல்லை, உள்ளே பெய்துகொண்டிருந்தது. பொலித்தீனின் உள்பக்கம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்து நின்று, ஒவ்வொரு துளியாக இலையில் விழுந்தது. ஒரு இலையைத் திருப்பி வெளிச்சம் அடித்தேன். மேல்பக்கம் நரம்புக்கு நரம்பு கட்டம் போட்ட மாதிரி மஞ்சள் புள்ளி. அடியில் அதே கட்டத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூஞ்சணம். டவுனி மில்டியூ என்றார் மிஸ். பத்து நாளில் அடியிலை எல்லாம் கடதாசி மாதிரிக் காய்ந்து தொங்கின.

இலை ஈரமாக இருக்கிற நேரத்தைக் குறைப்பதுதான் இதற்கு முதல் மருந்து. இப்போது மேல் இடைவெளியை இரவும் பகலும் திறந்தே விடுகிறேன், வலை மட்டும் இருக்கிறது. பக்கத்துத் திரையைப் பின்னேரம் இறக்கினாலும் அடியில் ஒரு சாண் விட்டுத்தான் இறக்குகிறேன். சூடு கொஞ்சம் போகும், போகட்டும். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு தண்ணீர் கிடையாது. காலையில் வெயில் பொலித்தீனில் பட்டவுடன் திரையைத் தூக்கிவிட வேண்டும். காற்று சூடாகிவிடும், காயும் தண்டும் இன்னும் குளிர்ந்தே இருக்கும், அந்த நேரத்தில் ஈரம் எல்லாம் போய் அவற்றில் படியும். 8 மணிக்குச் சாவகாசமாக எழும்பிப் போய்த் திறந்தால் வேலை கெட்டுவிடும்.

அம்மா கூடாரத்துக்குள் வந்தது மூன்றாவது போகத்தில். அதுவரை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். வந்த முதல் நாள் மஞ்சள் சேலை. அரை மணித்தியாலத்தில் வெளியே வந்து, "என்னா தம்பி இது, மேலெல்லாம் தூசி" என்று உதறினார். தூசி பறந்தது. எல்லாம் வெள்ளை ஈ. மஞ்சள் நிறம் என்றால் அதற்கு உயிர். நான் காசு கொடுத்து வாங்கித் தொங்கவிட்டிருந்த மஞ்சள் ஒட்டு அட்டையை விட அம்மாவின் சேலையில்தான் கூடுதலாகப் பிடித்திருந்தது. அன்றைக்கே இரண்டாவது கதவு போட்டேன். வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கதவைத் திறக்க வேண்டும். மஞ்சள் உடுப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். வெள்ளரியை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம். மருந்தடித்தால் போத்தலில் போட்டிருக்கிற நாள் கழிகிற வரைக்கும் பறித்ததை எல்லாம் கொட்ட வேண்டும். ஆகவே பூச்சியை உள்ளே விடாமல் இருப்பதுதான் மலிவு.

அம்மாவிடம் கற்றது இதோடு முடியவில்லை. கொடியின் முதல் ஐந்தாறு கணுவில் வருகிற பிஞ்சையும் பக்கக் கிளையையும் கிள்ளி எறிய வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். எனக்கு மனம் வரவில்லை. வந்த காயை யாராவது எறிவார்களா? அம்மா கேட்டார்: "இளந்தேயிலையில நாங்க கொழுந்து எடுப்போமா? வெட்டி வெட்டி பரவ விட்டுத்தானே எடுப்போம். சின்னப் புள்ளைக்கு சுமையைத் தூக்கி வைக்காத." ஒரு வரிசையில் கிள்ளினோம், பக்கத்து வரிசையில் விட்டுவைத்தோம். விட்டுவைத்த வரிசை ஒரு கிழமை முந்திக் காய்த்தது. இரண்டாம் மாதம் அது மூச்சு வாங்கி நின்றபோது கிள்ளின வரிசை கம்பியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அடியிலை எடுக்கிறதும் அப்படித்தான். பறித்து முடிந்த காய்க்குக் கீழே இருக்கிற இலையை, ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போகாமல், காய்ந்த காலையில் எடுக்க வேண்டும். நான் கத்தரிக்கோலால் காம்பில் பாதியை விட்டு வெட்டுவேன். அந்தக் காம்பு அழுகி, அழுகல் தண்டுக்கு இறங்கி, பிசின் வடியும். அம்மா தண்டோடு ஒட்ட, சுத்தமாக ஒடிக்கிறார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது சாய்த்து வெட்டுவது தண்ணீர் நிற்காமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பறிக்கிற நாளும் அம்மாவின் கணக்கு. கொழுந்துக்கு ரவுண்டு, அதாவது பறிக்கிற முறை நாள், தவறினால் முத்திப்போகும் என்பது அவருக்கு இரத்தத்தில் ஊறியது. மழை என்றோ ஊரில் திருவிழா என்றோ நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் காய் பருத்துவிடும். கொடியும் அந்தப் பெரிய காய்க்கே சாப்பாடு கொடுத்து மேலே வருகிற பிஞ்சைக் கைவிட்டுவிடும். ரவுண்டு தவறாமல் பறிக்க ஆரம்பித்த போகத்தில் 210 கொடியில் 860 கிலோ வந்தது. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவ்வளவு பாரத்தையும் எங்கே கட்டினேன் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கூடாரத்தின் சட்டத்திலேயே கம்பி இழுத்து, அதில் நூல் தொங்கவிட்டு, கொடியைச் சுற்றி ஏற்றியிருந்தேன். ஒரு கொடி இலையும் காயுமாகச் சேர்ந்து 4 கிலோ என்றால் 210 கொடிக்கு 840 கிலோ. ஒரு இரவு 'மடக்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் நடுத்தூண் உள்பக்கம் சாய்ந்து, கூரைப் பொலித்தீன் தளர்ந்து கிடந்தது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மழை குறைவு, காற்று பேய்க்காற்று. தளர்ந்து ஆடுகிற பொலித்தீன்தான் கிழியும். இறுக்கமாக நிற்பது தாக்குப்பிடிக்கும். அந்த ஆடிக் காற்றில் ஒரு பக்கம் முழுவதும் போனது. இப்போது கொடியின் பாரத்துக்குத் தனித் தூண், தனிக் கம்பி. கூடாரத்தின் சட்டம் கூடாரத்தை மட்டும் சுமக்கிறது. தண்டைச் சுற்றி நூல் கட்டும்போது ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு பருக்கும்.

விற்பனையைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். சுப்பர் மார்க்கெட்டுக்கு எடுக்கிற ஒரு சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நேராக இருக்க வேண்டும், ஒரே அளவாக இருக்க வேண்டும், கீறல் கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் சாமான் கூடின நாளில் அதே காய் 'வளைவு' என்று திரும்பி வரும், தட்டுப்பாடான நாளில் உண்மையில் வளைந்ததையும் எடுப்பார்கள். மரக்கறி மொத்தச் சந்தையான கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டு போனால் வாங்குவார்கள், விலை அன்றைய காலை சொல்கிற விலை. கிலோ 320 ரூபாய்க்கும் கொடுத்திருக்கிறேன், 90க்கும் கொடுத்திருக்கிறேன். இரண்டு காரியம் செய்தேன். கூடாரத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை ஆறு கிழமை பிந்தி நடுகிறேன். ஒரே நாளில் 80 கிலோவைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மற்றது, பிஞ்சாக இருக்கும்போதே இலைக்காம்பிலோ நூலிலோ சாய்ந்து கிடப்பதை விலக்கி, நேரே தொங்க விடுவது. வளைவில் பாதி அங்கேதான் உண்டாகிறது. மிஞ்சுகிற வளைவு பண்டாரவளைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு. அங்கே துண்டு போட்டுத்தானே வைக்கப் போகிறார்கள், வளைவை யார் பார்க்கப்போகிறார்கள்? பறித்த காயைக் குளிர்ப்பெட்டியின் கடும் குளிரில் வைக்காதீர்கள், 10 பாகைக்குக் கீழே நாலைந்து நாள் கிடந்தால் தோலில் குழி விழுந்து கொழகொழவென்று ஆகிவிடும். நிழலில் ஈரச் சாக்கால் மூடி வைத்தாலே மறுநாள் சந்தைக்குப் போதும்.

போன போகத்தின் கொடியைப் போன கிழமை பிடுங்கினோம். வேர் வெள்ளையாக இருந்த பைகளை மட்டும் ஒதுக்கி, தும்புச்சோற்றை வெயிலில் பரப்பிப் பொலித்தீனால் மூடி வைத்திருக்கிறோம்; வேர் பழுப்பானவை காணிக்கு வெளியே போய்விட்டன. புது விதை 230 வாங்கினேன், 20 கூடுதல். எலிக்கு என்று அம்மா சொல்கிறார். தட்டு அடுப்படியில் தொங்குகிறது, நாளைக்கு மூன்றாம் நாள்.